பதினான்காம் பக்கத்துப் பிழை

நான் கண்டிப்பான ஆசிரியன் அல்ல. நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடமாக எம்.எஸ்சி. மாணவர்களுக்கு அல்ஜிப்ராயிக் டோபாலஜி நடத்துகிறேன். ஓர் உருவத்தை எப்படி வளைத்து இழுத்தாலும் அதில் மாறாதது எது என்று பார்க்கும் கணிதம். என் தாளில் இதுவரை ஒருவரும் தோற்றதில்லை. நான் நோட்ஸ் சொல்வேன், எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் செய்ததைத் தேர்வில் அப்படியே இறக்கிவைப்பார்கள். யாருக்கும் யாராலும் தொந்தரவு இல்லை.

சௌந்திரம் மேடம் இதே பாடத்துக்குத் தமிழில் எழுதிய நூலை மதிப்பிடச் சொல்லிப் பல்கலைக்கழகம் எனக்கு அனுப்பியது. வெண்ணந்தூர்க்காரர், கௌரவ விரிவுரையாளர். ஒன்பது வருட உழைப்பாம். நூல் வெளிவந்தால் நிரந்தர வேலைக்கான நேர்காணலில் அவருக்கு முன்னுரிமை உண்டு. வயது வரம்பைத் தொட ஒன்றரை வருடம்தான் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பதினான்காம் பக்கத்துத் தேற்றம் தவறு என்று அறிக்கை கொடுத்தீர்களே, என்ன தவறு என்று விசாரணைக் குழு கேட்கிறது. சொல்கிறேன்.

அங்கே அவர் கோழிமுட்டையையும் லாரி டியூபையும் வைத்து விளக்குகிறார். உயர்கணித நூலில் லாரி டியூப். முட்டையின் மேல் போட்ட ரப்பர் பேண்டை வழுக்கவிட்டு, ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். காற்றடித்த டியூபின் நடு ஓட்டை வழியே நுழைத்துக் கட்டிய கயிற்றை அப்படிச் சுருக்க முடியாது. என் நோட்ஸிலோ டியூபிலும் சுருங்கும்.

அதைப் படித்த அன்று மாலை பைபாஸில் பொன்னனின் பஞ்சர் கடைக்குப் போய், ஒரு டியூபில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த பொன்னன், "சார், எத்தன நேரம் இழுத்தாலும் அது வராதுங்க. டியூப அறுத்தாத்தானுங்க ஆகும்" என்றார். எட்டாவது வரை படித்தவர். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

வீட்டில் என் ஆசிரியரின் பழைய நோட்டைப் புரட்டினேன். அந்தக் காலத்தில் பார்த்து எழுதும்போது இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன். டியூபின் தொடக்கத்தோடு முட்டையின் முடிவு ஒட்டிக்கொண்டது. அதை எழுதிய எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அவர்களில் பதினேழு பேர் இன்று விரிவுரையாளர்கள், அதையே நடத்துகிறார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

எனவே ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் எடுத்துக்கொண்டேன். பயிற்சிக் கணக்குகளுக்கெல்லாம் விடை எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். படங்களை மறுபடி வரையச் சொன்னேன், வரைந்தார். ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், எங்க தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. திருத்திக் குடுத்தர்றேனுங்க. எனக்கு ஆடி வரைக்குந்தானுங்க டைமு."

காபி கொடுத்து அனுப்பினேன். மரியாதையில் குறை வைக்கவில்லை. என் அறிக்கை ஆவணியில் போனது.

நூலைப் படிக்காமலே நிராகரித்தேன் என்று சிலர் சொல்வது அபாண்டம். முழுவதும் படித்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பாடம் எனக்குப் புரிந்ததே அப்போதுதான். மதிப்பீட்டாளரின் வேலை பிழையைக் கண்டுபிடிப்பது; கண்டுபிடித்தேன். அது என் நோட்ஸில் இருந்தது. படிவத்தில் நூலின் பிழைகளுக்கு மட்டுமே கட்டம் விட்டிருந்தார்கள், அங்கே எழுதினேன்.