பிஜிக்கு வாசித்துக் காட்டியது

வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு நேரத்துக்கு நடக்காது. நெய்யாற்றின்கரையில் எங்கள் வக்கீல் கோர்ட்டிலிருந்து திரும்பும்வரை கட்சிக்காரர்கள் என் மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு மதியம் கட்சிக்காரி பிஜியின் மகள் ஆன்சி என் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்.கே.ஜி. சேரும் வயசு. மீனில் முள்ளெடுத்து ஊட்டினேன். தானாகவே மடியில் ஏறிக்கொண்டாள். பிள்ளை பிறக்காது என்று சொல்லி என்னைக் கட்டிப் போன வீட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

பிஜி களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். ஆரியங்கோட்டு வினீத்தைக் கட்டி வந்தாள். ஒத்துப்போகவில்லை. இருவரும் சேர்ந்தே விவாகரத்து மனு கொடுக்க வந்தார்கள். பள்ளி நாட்களில் பிள்ளை அப்பாவிடம், விடுமுறைக்கெல்லாம் அம்மாவிடம் என்று பேசி முடித்திருந்தார்கள். வக்கீல் அப்படியே குறித்துத் தந்தார். பிள்ளை மேல் தாய்க்கு எந்த உரிமையும் இல்லை, பார்க்கவும் வரமாட்டாள் என்று நான் அதை மாற்றி மலையாளத்தில் டைப் செய்தேன். என் வேலையை வக்கீல் திரும்ப வாசிப்பதில்லை. வினீத் வாசித்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பிஜிக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்டினேன், அவர்கள் பேசி முடித்தபடியே.

"லீவுக்குப் பிள்ளைய நான் கூட்டீட்டுப் போலாம்ணு தானே அக்கா எழுதியிருக்கு?"

"அது தானாக்கும் மக்கா. ஒப்பிடு." கையெழுத்துப் போட்டாள்.

எழுதியிருப்பதெல்லாம் சம்மதமா என்று நீதிபதி கேட்டபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். சம்மதம் என்றாள்.

பெரிய லீவுக்குப் பிள்ளையைக் கூட்டப் போனவளை வினீத் வீட்டில் உள்ளே விடவில்லை. போலீசுக்குப் போனாள். அங்கே மனுவை வாசித்துச் சொல்லி, அவளுடைய கையெழுத்தையே அவளிடம் காட்டினார்கள். பிறகு அந்தத் தாளோடு என்னிடம் வந்தாள். இந்த ஊரில் அவளுக்கு வேறு யாரைத் தெரியும்.

"நீங்க வாசிச்சுச் சொன்னது இது இல்லியே அக்கா."

"நான் இதத்தான் வாசிச்சேன். ஒனக்கு அன்னைக்கு மனசு செரியில்ல."

வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான்தான் மறந்துட்டேனா அக்கா?" என்று கேட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

அந்த வருஷமே வினீத் என்னைக் கட்டினார். பிஜி பள்ளிக்கூட கேட்டில் வந்து நின்று ஆன்சியைக் கூப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கு மனநிலை சரியில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நான் புகார் எழுதினேன். வினீத் கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, வெகுநாள் கழித்து அனுப்பினார்கள். முகம் ஊதி, முடி கொட்டி, ஆளே மாறிப் போயிருந்தாள். இப்போதும் வருகிறாள். கூப்பிடுவதில்லை, நாக்கு குழறுகிறது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

எல்லாம் நான் செய்ததுதான். தெரிந்தே செய்தேன். பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது இரண்டாம் வகுப்பு. போன வாரம் கேட்டைத் தாண்டும்போது அவளைக் காட்டி, "அம்மே, அது ஆரு?" என்று கேட்டாள்.

"நம்ம ஆபீசுக்கு வந்த ஒரு கட்சிக்காரி மக்கா" என்றேன்.

பிள்ளையிடம் நான் பொய் சொல்வதில்லை.