மேடு நாளைக்கும் இருக்கணும்

இல்ல தம்பி, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காருங்க, கண்ணு கூசாது. டீ கொதிச்சுட்டு இருக்கு. காலையிலேர்ந்து மணல் மேட்டோட ஓரத்தைத்தானே சொரண்டியிருக்கீங்க, மிச்சத்தை அள்ள எவ்வளவோ நேரம் கெடக்கு. பொக்லைன் எங்கயும் ஓடிடாது. நான் காமிச்ச இடத்துலதானே விட்டீங்க? அப்புறம் என்ன.

உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அள்ளுன்னா அள்ளுவீங்க, கொட்டுன்னா கொட்டுவீங்க, வயித்துப்பாடு. வண்டிக் கண்ணாடியில ஒட்டியிருக்கே, கடற்கரைப் பாதுகாப்புப் பணின்னு, அதைப் பாத்துத்தான் வயிறு எரியுது. நான் அஞ்சாவதோட நின்னவ, ஆனா எழுத்துக் கூட்டிப் படிச்சுருவேன். யார் கரையைப் பாதுகாக்குறாங்கன்னு அதுல போடல பாருங்க.

வர்ற வழியில அந்தப் பெரிய ஓட்டலைப் பாத்திருப்பீங்களே. கடல் உள்ள வந்துரும்னு அவங்க கல்லுச் சுவர் கட்டினாங்க. சுவர்ல மோதுன அலை, முன்னாடி இருந்த மணலையெல்லாம் உருவிட்டுப் போயிருச்சு. இப்ப அங்க வர்றவங்க கால் நீட்டிப் படுக்க மணல் இல்லையாம். எங்க மேட்டுல மணல் சும்மாதான் கெடக்குதாம். சும்மாவா கெடக்கு? கடலுக்கும் எங்க தெருவுக்கும் நடுவுல அது ஒண்ணுதான் நிக்குது.

சக்கரை பத்துமா?

போன தடவை வடக்குப் பக்கத்து மேட்டை அள்ளினாங்க. அந்த டிரைவருக்கும் இந்தக் கையாலதான் டீ குடுத்தேன், வெயில்ல நிக்கிறாரேன்னு. அந்த வருஷப் புயல்ல கடல் எங்கயும் தேடல, நேரா அந்த ஓட்டை வழியா உள்ள வந்துச்சு. அங்க இருந்தது என் நாத்தனார் வீடு. வீட்டை எடுத்துக்கிட்டு அவளைக் கொண்டாந்து எங்கிட்ட விட்டுட்டுப் போயிருச்சு. மாத்திச் செஞ்சிருக்கலாம். சத்தமா சிரிக்காதீங்க, மாடியிலதான் துணி காயப்போடுறா, அவளுக்குக் காது கூர்மை. ரெண்டே ரூம். நான் வெளக்கமாத்தைச் சாய்ச்சு வச்சா அவ படுக்க வைப்பா. நான் உப்புப் போட்டா அவ தண்ணி ஊத்துவா. இத்தனை மாசத்துல நாங்க ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்துலதான், அதுவும் நேத்துதான்.

என்ன விஷயமா? குடிங்க, சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் ஆபீஸா நடந்து செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம். கடைசியில ஒரு அதிகாரி மனசு எறங்கி, நாளைக்கு நேர்ல வந்து பாக்குறேன்னு சொன்னாரு. மேடு இருந்தா அள்ளக் கூடாதுன்னு தடை போடலாம், இல்லாத மேட்டை நான் எப்படிக் காப்பாத்துறதுன்னு கேட்டாராம். நியாயம்தானே. நாளைக்கு வர்றாருன்னு எங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே ஓட்டல்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. வண்டி வரும்னு நேத்தே எங்க காதுக்கு வந்துச்சு, அதே மாதிரி இன்னிக்கு விடிஞ்சதும் உங்களை அனுப்பிட்டான். சாயந்தரத்துக்குள்ள தரைமட்டமாக்கணும்னுதானே சொல்லி அனுப்பினான்? ம். இந்தாங்க, முறுக்கு எடுத்துக்குங்க.

போன் அடிக்குது பாருங்க. மேனேஜரா? சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க. மனுஷன் சாப்பிடக்கூடாதா.

எங்களுக்கு இது மூணாவது வீடு தம்பி. முதல் வீடு இருந்த இடத்துல இப்ப மீன் குடியிருக்கு. ரெண்டாவது வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. கொல்லையில ஒரு கிணறு. என்ன தண்ணிங்கறீங்க, கல்கண்டு மாதிரி. வீட்டையும் கடல்தான் கொண்டுபோச்சு, கிணத்தையும் கடல்தான் மணலைப் போட்டு மூடுச்சு. இப்ப போய்ப் பாத்தா கிணறுன்னே தெரியாது. காஞ்சிருக்குறப்ப யானையைக் கட்டலாம், அவ்வளவு கெட்டி. தண்ணி ஏறுனாத்தான் உள்ள இளகி, கால் வச்சா முழங்கால் வரைக்கும் இழுக்கும். எங்க ஆடு ஒண்ணு அப்படித்தான் போச்சு.

என்ன, ரூம் திடீர்னு இருட்டாயிருச்சேன்னு பாக்குறீங்களா? மேகம் இல்ல. மேலேர்ந்து என் நாத்தனார் ஜன்னலுக்கு நேரா போர்வையைத் தொங்க விட்டிருக்கா. அப்படித்தான் பேசி வச்சிருந்தோம், கடல் தண்ணி ஏறி உங்க வண்டியோட செயின் சக்கரத்தைத் தொட்டதும் போடணும்னு. இன்னிக்கு அமாவாசை, கடல் கூடுதலாவே ஏறும்.

உக்காருங்க தம்பி, ஓடிப் பிரயோசனமில்ல. இங்க விடுங்க, தரை கெட்டியா இருக்கும்னு காலையில கை காட்டினேனே, அதுக்கு அடியிலதான் அந்தக் கிணறு. இந்நேரம் வண்டி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். தூக்கி எடுக்க கிரேன் வரணும், தண்ணி வடியாம அதுவும் கிட்ட வராது. அதிகாரி நாளைக்கு வர்றப்ப மேட்டையும் பாக்கட்டும், கண்ணாடியில ஒட்டின காகிதத்தோட உங்க வண்டியையும் பாக்கட்டும். உங்க முதலாளி கேட்டா, ரெண்டு பொம்பளைங்க டீ குடுத்து ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுங்க. உண்மைதானே, உங்க மேல என்ன தப்பு.

நாளைக்கு மேடு இருக்கும். நாளன்னிக்கு என்ன பண்றதுன்னு நானும் அவளும் இன்னும் சண்டை போட்டு முடிக்கல.