மண்டபச் சாவியும் தன்முனைப்புச் செம்மல் அமலதாசும்

மேடை கொள்ளாமல் அமர்ந்திருக்கும் தலைவர்களே, மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே, தைப்பிங் மழையையும் மீறி வந்திருக்கும் சொந்தங்களே! வணக்கம்.

மாணவர்களுக்கு ஊக்க உரை ஆற்றிவந்த தன்முனைப்புச் செம்மல் அமலதாஸ் நம்மை விட்டுப் போய்விட்டார். ஒலிவாங்கியே தேவைப்படாத அந்தக் குரல் போய்விட்டது. அவர் இங்கே இருமினால் ஈப்போவில் மாணவர்கள் எழுந்து நிற்பார்கள்!

இடைநிலைப்பள்ளி முகாம்களில் அவருடைய கடைசி அங்கம் உங்களுக்குத் தெரியும். திரையை இழுப்பார், விளக்கை அணைப்பார், புல்லாங்குழல் இசையை ஓடவிடுவார். பாட்டுப் பெட்டிக்குப் பொறுப்பான மாமன்னன் நான்தான்.

"கண்ண மூடுங்க. வீட்டு வாசல்ல பந்தல். நடுவுல படுத்திருக்கிறது யாரு? உங்கம்மா!"

படிவம் ஐந்து வகுப்பு மொத்தமும் அழும். அந்தக் கண்ணீரில் லாருட் ஆறே கரை புரண்டது! தலைமையாசிரியர்கள் நாற்காலி நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தானே அடுத்த ஆண்டுக்கும் அழைத்தார்கள்?

ஒருமுறை ஹேமாஷினி என்ற மாணவி மட்டும் அழவில்லை. செம்மல் அவள் முன்னால் போய் நின்றார்.

"என்னம்மா, அம்மா மேல பாசமே இல்லையா?"

"எங்கம்மா போன மாசம் நெசமாவே செத்துட்டாங்க சார். தம்பிங்களுக்கு நான்தான் சமைக்கிறேன். வீட்டுல ஒரே ரூமு, டிவி ஓடிக்கிட்டே இருக்கும். அழுறதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். எங்க உக்காந்து படிக்கிறதுன்னு சொல்லுங்க."

மலையைப் புரட்டும் அந்த வாய்க்குச் சொந்தக்காரர் போய் விளக்கைப் போட்டார். அவள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதவுமில்லை, கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். பெருமக்களே, அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுத்தது என்ன? புல்லாங்குழலா?

அதன்பின் அமலதாஸ் எந்த முகாமிலும் விளக்கை அணைக்கவில்லை. "பிள்ளைங்க அழலன்னா அது என்னா சார் முகாமு?" என்று பள்ளிகள் அவரைக் கைவிட்டன. அவர் இந்தச் சங்க மண்டபத்தின் சாவியைக் கெஞ்சி வாங்கி, மாலைதோறும் மாணவர்கள் உட்கார்ந்து படிக்கத் திறந்துவிட்டார். பேச்சைக்கூடக் குறைத்துக்கொண்டார், அவருக்கு அது மூச்சைக் குறைத்த மாதிரி!

இப்போது சங்கச் செயலாளர் என் காதில் சொல்கிறார்: "அண்ணே, சீக்கிரம் முடிங்க. லைட்ட அணைச்சுட்டு அஞ்சலி செலுத்தணும். நாளையிலேர்ந்து மண்டபத்தப் பூட்டிடலாம்னு கமிட்டில பேசிட்டாங்க."

தம்பி, பின்வரிசையைப் பார். இன்று இரங்கல் கூட்டம் என்று சொல்லியும் போகாமல், கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களை எங்கே அனுப்பப் போகிறாய்? அன்று ஹேமாஷினி கேட்டதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே பதில் இந்த மண்டபம்தான். அதுவும் அவளுக்குக் கிடைக்காமல் போன பதில்.

அவர் விட்டுப்போன சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. சர்க்கஸ் யானைகள் அத்தனையும் சேர்ந்து இழுத்தாலும் வராது! நாளை மாலை நான் திறப்பேன். நான் போனபின் திறக்கப்போவது யார்? என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

எழுந்து நிற்போம். பேசாமல் நிற்போம். விளக்கு எரியட்டும்.

பிள்ளைகளே, நீங்கள் எழ வேண்டாம். கணக்கைப் போடுங்கள்.