ஐஸ் தொட்டி உப்பு

— அப்ப என்ரை வரவுப் பதிவுப் புத்தகத்திலை மீன் செதில் எப்பிடி வந்தது, சிமியோன்?

— காத்துக்குப் பறந்து வந்திருக்கும் ஐயா. கொழும்புத்துறைக் காத்தெல்லே.

— காத்து வந்து உன்ரை பேருக்கு நேரை ஒட்டிப்போட்டுப் போச்சுதாக்கும். இந்த ஐஸ் கொம்பனி தொடங்கின அண்டைக்கு என்ரை அப்பு சொன்ன சொல் என்ன?

— மீனுக்கு ஐஸ் வெளியிலை போகலாம். மீன் உள்ளுக்கு வரப்படாது.

— ஏன்?

— கோயில் திருவிழாச் சர்பத்துக்கும் உங்கடை ஐஸ்தான் போறது. சைவக் குடும்பம். தெரியும் ஐயா, பதினெட்டு வருசம் மெசின் ஓட்டினவன் நான்.

— சண்டையாலை கரண்ட் போய் ரெண்டு வருசம். பொருளாதாரத் தடையாலை டீசலும் இல்லை. ஆனால் அந்த மெசின் எனக்கு இப்பவும் ஓடுது. மத்தியானம் கண்ணயர்ந்தால் கேக்கும். வெள்ளைப் புகை காலைச் சுத்தி ஓடும். நேற்று அதுக்குள்ளை செத்துப்போன அப்பு நிண்டவர்.

— என்ன செய்தவர்?

— சால்வையைத் தட்டினார். என்னவோ மினுங்கி விழுந்தது... நீ கதையை மாத்தாதை!

— எங்களுக்கும் கேக்கிறது ஐயா. பதினொரு பேரும் ஆறு மணிக்கு வந்து கையெழுத்து வைச்சு, ஓடாத மெசினைத் துடைச்சுப்போட்டு அதுக்குப் பக்கத்திலை இருப்பம். லூர்த்தம்மா குளிருதெண்டு சீலைத் தலைப்பாலை போர்ப்பாள். சித்திரை வெயிலுக்கை!

— ஒருதரும் பிந்தி வந்ததில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் இண்டைக்கு உண்மை சொல்லாட்டில் வாசலை அடைச்சுப்போடுவன். பதினொரு பேரும் வீட்டை போகலாம்.

— சரி, சொல்லுறன். நீங்கள் மத்தியானம் சாப்பிடப் போன பிறகு கருவாடு போடுறம்.

— எங்கை?

— ஐஸ் தொட்டிக்குள்ளை.

— முருகா!

— ஐஸ் இல்லாமல் குருநகர்க் கரையிலை மீன் அழுகுது. இஞ்சை ஐஸ் அச்சுகளைச் சுத்தி விடுற தொட்டித் தண்ணியிலை கலக்க வாங்கின உப்பு மூட்டை மூட்டையாய்க் கிடக்குது. என்ன செய்யிறது? மூண்டு மாசமா பதினொரு வீட்டிலையும் அடுப்பு எரியுது ஐயா. மெசின் ஓடேக்கை தூங்கி விழுற சூசைதாசன் இப்ப கத்தியைக் கீழை வைக்கிறானில்லை.

— உவனோ?

— அவனேதான்.

— சந்தையிலை ஆற்றை கருவாடெண்டு சொல்லி விக்கிறியள்?

— பேர் சொல்லுறதேயில்லை. அருளம்பலம் எண்ட உங்கடை பேர் ஒருதற்றை வாயிலையும் வராது. மாதா சத்தியமா.

— ஏன் வராது? அவ்வளவு கூடாத கருவாடோ?

— ஐயோ, பேர்போன தீவுக் கருவாடும் கிட்ட நிக்காது!

— அப்ப பேரைச் சொல்லி வில்லுங்கோ. நாளையிலையிருந்து மீன் முன்வாசலாலை வரட்டும். எங்கடை குடும்பம் ஒண்டையும் பின்கதவாலை கொண்டு வந்ததில்லை.

— ஐயா... அப்ப இந்தாங்கோ, பின்கதவுப் பூட்டின்ரை திறப்பு. மத்தியானம் போகேக்கை ஆணியிலை மறந்து விட்டிட்டுப் போறனீங்கள். அதாலைதான் நாங்கள்...

— நாற்பது வருசமா என்ரை இடுப்பை விட்டு இறங்காத திறப்பு, சிமியோன். மூண்டு மாசமா ஒவ்வொரு மத்தியானமும் அது தானா நடந்து போய் ஆணியிலை ஏறினதெண்டே நினைச்சனி?