அம்மாக்கண்ணு வீடு நின்ன கதை

என்னது, வெள்ளைக்காரன் போனதாலயா? எவன் தம்பி ஒங்களுக்கு இதச் சொன்னது? அவனக் கூப்புடுங்க, மூஞ்சியப் பாக்கணும். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுன மாசமும் நம்ம நாடகம் நின்ன மாசமும் ஒண்ணுதான், இல்லங்கல. அந்த மாசம் எங்க வீட்டு மாடு கூடத்தான் கன்னு போட்டுச்சு. அதுவும் அவனாலயா?

இருக்கட்டும், நிக்கிறேன். மேல கீத்து வேயிறவங்க தூசியக் கொட்டுறாங்க, அதான் தள்ளி நிக்கிறேன். ஒங்க மாமா மீரா சாகிப் இருந்தவரைக்கும் இந்தக் கொட்டகையில ஒரு ஓட்டை பாத்ததில்ல. மனுஷன் மவுத்தாகி ரெண்டு வருஷத்துல கோழி அடையுற எடமாப் போச்சு. நீங்க சைகோன்லேந்து வந்து எடுத்து நடத்துறீங்க, நல்லா நடத்துங்க. ஆனா எடுத்த எடுப்புல என்னையக் கூப்புட்டு, சிதம்பரநாதன் சார், அம்மாக்கண்ணு வீட்ட மறுபடி எழுதுங்கன்னு வெத்தலத் தட்ட நீட்டுறீங்க பாருங்க. தட்டு அங்கயே இருக்கட்டும். தொட்டா ஒத்துக்கிட்டதா ஆயிடும். ஏன் நின்னுச்சுன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போயிடுறேன்.

நீங்க ஒரு ஆட்டம் கூட பாத்ததில்லையா? அப்ப சொல்லித்தான் ஆகணும். ஏழு வருஷம் தம்பி. சனிக்கிழமை சனிக்கிழமை. ஒரே வீடு, அதே நாலு பேரு. அம்மாக்கண்ணு, அவ புருஷன், பத்து வயசுல ஒரு பொண்ணு, ஓசிச்சோறு திங்கிற ஒரு மச்சான். வாரத்துக்கு ஒரு கதை. கதை என்ன பெரிய கதை, அந்தப் புருஷன் ஏதாவது அசட்டுத்தனம் பண்ணிட்டு வருவான், அம்மாக்கண்ணு புடிபுடின்னு புடிப்பா. அவ வாயத் தொறந்தா கொட்டகை கிடுகிடுக்கும். போலகத்துலேந்து வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க. நாகூர்லேந்து எல்லைய தாண்டி, வாஞ்சூர் சாவடியில சோதனை குடுத்துட்டு வருவாங்க.

நாகூர்ப் பக்கம் மதுவிலக்கு, இங்க பிரெஞ்சுக்காரன் ஊர்ல சாராயக்கடை, குடிக்க வந்தவன் அப்படியே நாடகம் பாத்தான், பிரெஞ்சுக்காரன் போனதும் அவன் வரலன்னு ஒரு பேச்சு. கேக்குறவன் கேனையனா இருந்தா என்ன வேணா சொல்வாங்க. கடை இன்னைக்கும் இருக்கு. சாவடியத்தான எடுத்தாங்க? முன்னால விட இப்ப சுலபமா வரலாம். இந்த ஊர்ல யோசிக்கிறதுக்கு யாரும் சோம்பேறித்தனம் பாக்காம இருந்தா நான் இவ்வளவு பேச வேண்டியதில்ல.

ஆ, சுப்ராயன். அதான பாத்தேன், அவன் பேரு வராம இருக்குமா. புருஷன் வேஷம் போட்டவன். சினிமாவுக்குப் போயிட்டான், அதோட நாடகம் படுத்துச்சுன்னு அவங்க வீட்டாளுங்க சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. போனான். மெட்ராசுக்குப் போயி மூணு வருஷத்துல ஒரு படத்துல பல்லக்கு தூக்குனான், அதுலயும் பின்னால தூக்குறவன். தூக்கிக்கிட்டு நின்னவங்க கால்தான் தெரிஞ்சுது, இது என் காலுன்னு வீட்டுக்குக் கடுதாசி போட்டிருந்தான். அவன் போன வாரமே சோமுவுக்கு அதே சட்டையப் போட்டு நிறுத்துனேன். ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? முதல் வாரம் மொணமொணத்தாங்க. ரெண்டாவது வாரம் சோமுவையே மாப்ளேன்னு கூப்புட்டாங்க. அவ்வளவுதான் ஜனங்க. புருஷன் மாறுனதப் பத்தி அம்மாக்கண்ணுவே கவலப்படல, நீங்க ஏன் கவலப்படுறீங்க?

பொண்ணு வளந்துட்டாளாமா? நீலாயதாட்சிதான. வளந்தா, வளராம என்ன பண்ணுவா? பத்து வயசுல பாவாடை கட்டிக்கிட்டு வந்தா, பதினேழு வயசுலயும் அதே பாவாடை. கல்யாணம் ஆச்சு. வயித்துல அஞ்சு மாசம், மேடையில அம்மாகிட்ட கமர்கட்டுக்கு அழுவுறா. முன் வரிசையில இருந்தவங்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தன் வாயத் தொறக்கல. சிரிக்கணும்னு வந்தவன் எதையும் கண்டுக்க மாட்டான் தம்பி, அதுதான் எனக்கு அவங்க மேல இருந்த மரியாதையே போனதுக்குக் காரணம்.

என்ன சொன்னீங்க?

இல்ல, இப்ப மெதுவா ஒண்ணு சொன்னீங்களே, அதத் திருப்பிச் சொல்லுங்க. எனக்குச் சரக்கு தீந்துபோச்சா? ஓகோ. ஊரு அப்படியா பேசுது? எட்டாங்கிளாசுக்கு மேல ஏறாதவனெல்லாம் என் சரக்க அளந்து பாத்துட்டானா?

சரி, ஒண்ணு சொல்றேன். கோவப்படல, இப்படித்தான் பேசுவேன். எங்கிட்ட சரக்கே கிடையாது தம்பி. முதல்லேந்தே கிடையாது. நான் மேரி ஆபீசுல, அதான் பிரெஞ்சுக்காரன் வச்ச நகராட்சி ஆபீசுல, பொறப்பு எறப்பு பதியிற குமாஸ்தா. இன்னார் மகன் இன்னாருன்னு எழுதத் தெரியும். எவன் எந்தப் பக்கமா மேடைக்கு வரணும், எப்ப திரைய எறக்கணும், அதுக்கு மேல என் மூளை ஓடாது. அம்மாக்கண்ணு பேசுனா பாருங்க, அவ்வளவும் என் சம்சாரம் பேசுனது. பங்கஜவல்லின்னு பேரு. ஒங்க பெரியம்மா பத்ருன்னிசாவுக்கு அடுத்த வீடுதான நாங்க, கோவில்பத்துல.

அவ பேச்ச நீங்க கேட்டதில்ல. அடுப்படியில நின்னு ஆரம்பிச்சான்னா மூச்சு விட மாட்டா. நான் கூடத்துல ஒக்காந்து, மேரி ஆபீசு பாரம் இருக்குல்ல, ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெறும் தாளு, அதுல அப்படியே எழுதிக்குவேன். ஆபீசு வேலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தா. ஒரு நாள் புடிச்சா பாருங்க, ஏங்க, இதென்ன வெண்டைக்காயா, கூரைக்கு முட்டுக் குடுக்க வாங்கியாந்ததா? கடைக்காரன் தூரத்துல ஒங்க தலையப் பாத்ததுமே கூடையக் கவுத்து அடியில கெடந்ததயெல்லாம் மேல எடுத்து வச்சிருப்பான், மகராசன் வந்துட்டாருன்னு. காம்ப ஒடிச்சுப் பாக்கத் தெரியாத கை, இந்தக் கையெழுத்துக்குத்தான் சர்க்காரு சம்பளம் குடுக்குதான்னு. அம்மாக்கண்ணு வேஷம் போடுற கல்யாணசுந்தரி அத மேடையில பேசுனப்ப நாலு நிமிஷம் கைதட்டு. ஒரு எழுத்து நான் மாத்தல.

எல்லா வாரமும் கோவம் வருமான்னா? நல்லாக் கேட்டீங்க. வராதே. நல்ல மனுஷி. வெள்ளிக்கிழமை ஒத்திகை, வியாழக்கிழமை சாயந்திரம் வரைக்கும் வீட்டுல சண்டை இல்லன்னா எழுத ஒண்ணும் இருக்காது. அதனால நானே கெளப்புவேன். பொறுக்கிப் பொறுக்கி முத்தல் வெண்டைக்கா வாங்கியாருவேன். கடைக்காரன் வேணாம் சார்ங்குவான், குடுய்யான்னு வாங்கிக்குவேன். மழை வருதுன்னு தெரிஞ்சே வெறகக் கொல்லையில விட்டுட்டுப் போவேன். அவ தம்பி வந்திருக்குறப்ப தூங்குற மாதிரி படுத்துக்குவேன். ஏழு வருஷம். அவளா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டா. ஒங்க பெரியம்மாகிட்ட வேலியோரமா சொல்வாளாம், இவருக்கு ஒலகமே தெரியாதுங்க, நான் இல்லன்னா இவர் சோத்துக்கு என்ன பண்ணுவாருன்னு. எனக்காகக் கவலப்பட்டுத்தான் அவ்வளவும் கத்துனா.

பிடிபடாதுன்னு எப்படித் தைரியமா இருந்தேன்னா, நாடகக்காரன் வீட்டுப் பொம்பளைங்க கொட்டகைக்கு வர்றதில்ல. அது எங்களுக்குள்ள ஒரு வழக்கம். எவன் வீட்டுலேந்தும் வந்ததில்ல. ஒங்க மாமாதான் கடைசியில ஒரு காரியம் பண்ணாரு. ஒங்க வீட்டுப் பொம்பளைங்களெல்லாம் நச்சரிச்சதுல, புரட்டாசியில ஒரு ஞாயித்துக்கிழமை பகல்ல பொம்பளைங்களுக்குன்னு தனி ஆட்டம் போட்டாரு. மேடைக்காரங்களத் தவிர ஆம்பள வாசல்ல கூட நிக்கப்படாதுன்னுட்டாரு. திரை கட்டுன வண்டியா வந்து நின்னுச்சு. நான் படுதா ஓட்டை வழியாப் பாத்தேன். மூணாவது வரிசையில வெள்ளைத் துப்பட்டிக்கு நடுவுல ஒரு பச்சைச் சேலை. பத்ருன்னிசாம்மா என் சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க.

நான் பயந்தேன்னு நெனைக்கிறீங்களா? இல்ல. அவ சிரிச்சா தம்பி. தன் பேச்சக் கேட்டுத் தானே விழுந்து விழுந்து சிரிக்கிறா. அய்யோ, எங்க வீட்டுல நடந்த மாதிரியே இருக்குங்கன்னு ஒங்க பெரியம்மா தொடையில அடிக்கிறா. எனக்குப் பெருமை தாங்கல. திருடுனதுக்கு அவ கோவிச்சுக்கவே இல்ல, பாத்துக்குங்க.

ஆனா அன்னைய ஆட்டத்துல வெண்டைக்கா கதை. அதுல ஒரே ஒரு வரி நான் சொந்தமா எழுதுனது. ஏழு வருஷத்துல அந்த ஒரு வரிதான். அம்மாக்கண்ணு திட்டித் தீத்துட்டு உள்ள போவா, புருஷன் சனங்களப் பாத்து கண்ணடிச்சு, இவ வாயக் கெளர்றதுக்குன்னே கடையில பொறுக்கி முத்தலா வாங்கியாந்தேன், வாரா வாரம் ஏமாறுறாம்பான். சோமு அத நல்லாச் சொல்லுவான். அத எடுத்துடுன்னு சொல்ல எனக்கு நேரம் இருந்துச்சு. அவன் பக்கவாட்டுல வந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போனான். நானும் ஒரு வரி எழுதியிருக்கேன், அதுக்கும் அவ சிரிக்கட்டுமேன்னு நின்னுட்டேன்.

முந்நூறு பொம்பளைங்களும் சிரிச்சாங்க. அவ மட்டும் நிறுத்திட்டா.

அப்புறம் என்ன, சண்டையா? சண்டை போட்டிருந்தா இந்நேரம் இந்தக் கொட்டகையில ஐநூறாவது ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கும். வீட்டுக்குப் போனேன், சோறு போட்டா. வியாழக்கிழமை வந்துச்சு, நான்தான் புத்தி கெட்டவனாச்சே, மறுபடியும் முத்தல் காயா வாங்கிட்டுப் போனேன். வாங்கி வச்சுக்கிட்டா. நறுக்குனா, சமைச்சா, எனக்கும் போட்டுத் தானும் தின்னா. ஒரு வார்த்த இல்ல. நாலு வாரம் நானா எழுதிப் பாத்தேன். கல்யாணசுந்தரி அத மேடையில பேசுறா, ஜனங்க கொட்டாவி விடுறாங்க. அய்ப்பசியில ஒங்க மாமா கூப்புட்டு, போதும்யான்னுட்டாரு. அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரனும் இல்ல, பல்லக்குக்காரனும் இல்ல.

மூணு வருஷம் ஆச்சு. ஊமையெல்லாம் ஆகல. ஒங்க பெரியம்மாகிட்ட தெனம் பேசுறா. மீன்காரிகிட்ட, தயிர்காரிகிட்ட பேசுறா. தெருவுல வர்றப்பவே எனக்கு அவ கொரலு கேக்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்னுடும். ஒரு தடவ செருப்பக் கையில எடுத்துக்கிட்டுக் கூடப் போய்ப் பாத்தேன், அப்பவும் நின்னுடுச்சு. பொழுதெல்லாம் நாராசமாக் கத்துறாளேன்னு ஒரு காலத்துல காதப் பொத்திக்கிட்டவன் நான். இப்ப அந்த வீட்டுல இருக்க முடியல தம்பி.

அதனால தட்ட எடுத்து உள்ள வைங்க. எழுதுறதுக்கு இல்ல. எனக்காக ஒண்ணு பண்ணுங்க. ஒங்க பெரியம்மாவப் பாக்கப் போறப்ப, பேச்சோட பேச்சா கேளுங்க, நான் கேட்டேன்னு சொல்ல வேணாம். பங்கஜவல்லி வேலியோரம் என்னென்ன பேசுறான்னு. முழுசா கூட வேணாம். என்னைய எப்பவாச்சும் திட்டுறாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.