ஜெகநாதன் முதலாளிக்கு நான் சொன்ன நல்ல யோசனைகள்

வாழைப்பழத்தை அந்தத் தட்டிலிருந்து எடுத்து வெளியே வை, தம்பி. பட்டு வேட்டியில் பழக்கறை பட்டால் போகாது. பட்டோடு பழகியவன் சொல்கிறேன்.

உட்கார். உங்கப்பாவுக்கு வருஷத் திதி கொடுக்கப் பம்பாயிலிருந்து ஆரணிக்கு வந்தாய். வந்த கையோடு பழமும் வேட்டியுமாக என் வீடு தேடி வந்திருக்கிறாய். "உங்களாலதான் சம்பந்தம் மாமா எங்க குடும்பம் தல நிமிந்து நிக்குது. இன்சூரன்ஸ் பணம் ஒரு லட்சம் வந்துட்டுது. பழையபடி நீங்களே பாத்துப் போட்டுடுங்க" என்கிறாய். சந்தோஷம், ஜெயச்சந்திரா. ஆனால் ஒருவர் பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என் வழக்கம். காப்பியைக் குடித்துக்கொண்டே கேள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

சிறுசேமிப்பு ஏஜெண்ட் என்றால் இந்த ஊரில் நான்தான். எங்கள் தெருவில் தறி இருக்கிற வீடு நூற்றுப் பத்து. அதில் நூற்று ஒன்பது வீட்டுக்குப் பாஸ்புக் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அதன் வாசலில் படுத்திருந்த நாயிடம் பேசிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ரேகை வைக்க மறுத்துவிட்டது. யாருக்கும் ஒரு பைசா குறைந்ததில்லை. கலெக்டர் கையால் இரண்டு தடவை சுவர்க் கடிகாரம் வாங்கியிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு மணி காட்டும், அது என் குற்றமில்லை.

அதற்கு முன்னால் நான் உங்கப்பாவிடம் கூலிக்கு நெய்தேன். அவர் பட்டும் ஜரிகையும் கொடுப்பார், நான் என் வீட்டுத் தறியில் நெய்து, சேலையை அறுத்துக்கொண்டு போய்க் கொடுத்துக் கூலி வாங்குவேன். நீ அப்போது வேலூரில் ஹாஸ்டலில் இருந்தாய்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். என் வீட்டுக்காரி தெய்வநாயகிக்கு வயிற்றில் வலி வந்து, இரண்டாம் நாள் கண் செருகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "வாடகைக் கார் வச்சு இப்பவே வேலூருக்குக் கொண்டு போ" என்றார். காருக்கும் செலவுக்கும் இருநூறு ரூபாய் வேண்டும். மடியில் பதினெட்டு ரூபாய் இருந்தது.

எங்கள் தெருவில் பாவுக்காசு என்று ஒன்று உண்டு, உனக்குத் தெரிந்திருக்காது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்ட வேண்டும். அதற்கு அக்கம்பக்கம் எல்லாரும் வந்து ஒரு கை பிடிப்பார்கள். பாவுக்காரன் ஒரு ரூபாயைத் தெருப் பொது டப்பாவில் போடுவான். யார் வீட்டில் உயிருக்கு ஆபத்து என்றாலும் டப்பாவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். போதவில்லை என்றால், காசு போடுகிறவன் வீட்டுக்குத் தெருவே கைமாற்று கொடுத்தாக வேண்டும். எழுத்தும் கிடையாது, வட்டியும் கிடையாது. ஆனால் மழையில் பாவு நூலை எங்கே விரிப்பது? இருபது நாளாக யாரும் காசு போடவில்லை. டப்பாவில் பதினோரு ரூபாய் இருந்தது. வீட்டுக்கு வீடு மழை. யாரிடம் கைமாற்று கேட்பது?

அதனால் உங்கப்பாவிடம் போனேன்.

"மொதலாளி, இருநூறு ரூபா முன்பணம் குடுங்க. வீட்டுல உசுருக்கு ஆபத்து."

"தறியில எத்தினி முழம் பாக்கி?"

"மூணு முழந்தாங்க. குழியில தண்ணி நிக்குது."

"தண்ணிய எறச்சுட்டு நெய்யி. சேலைய அறுத்துகினு வா, கூலிய வாங்கிகினு போ. பொழுது விடிஞ்சா வந்து பேஜார் பண்ணிகினு."

கோபமாகச் சொல்லவில்லை. நோட்டுகளை நூறு நூறாகப் பிரித்து ரப்பர் போட்டுக்கொண்டே சொன்னார். நான் அவளைப் பஸ்ஸில் ஏற்றினேன். பாதி வழியில் கண்ணமங்கலத்தை அவள் தாண்டவில்லை. கண்டக்டர் நல்ல மனுஷன். மிச்ச தூரத்துக்கான காசைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் சத்தம் போடவில்லை. வேலை முடிந்தால் கூலி என்பது நியாயமான பேச்சு. காரியம் முடிந்து, தண்ணீரை இறைத்து, மூன்று முழத்தையும் நெய்து, சேலையை அறுத்துக்கொண்டு போய்க் கூலி வாங்கினேன். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்புறம் தறியை விற்றுவிட்டு ஏஜெண்ட் ஆனேன்.

ஆறு வருஷம் உங்கப்பா வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அவரே வந்தார். எழுபத்தெட்டில் ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் ஊர்ப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினான், அதில் உங்கப்பாவுடையது நாலாயிரம்.

"யோவ் சம்பந்தம், உங்கிட்ட குடுத்தா நீயும் ஓடிட மாட்டியே?"

"எனக்கு முட்டி வலிங்க மொதலாளி. ஓடறதா இருந்தாலும் நீங்க நடந்தே புடிச்சுடலாம்."

சிரித்தார். அன்றிலிருந்து ஏழு வருஷம் என்னைக் கேட்காமல் அவர் ஒரு துண்டு வாங்கியதில்லை. நானும் அவருக்கு ஒரு தப்பான யோசனை சொன்னதில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கணக்கைக் காட்டிக் கேட்டுப் பார்.

ஏலச்சீட்டெல்லாம் வேண்டாம் என்றேன், விட்டார். அதற்கப்புறம் ஊரில் இன்னும் இரண்டு சீட்டு முழுகியது, அவருக்கு நஷ்டமில்லை. உயிரின் பேரில் ஒரு லட்சத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்க நானே ஆபீசுக்கு அழைத்துப் போனேன். வந்தவாசி ரோட்டில் மூன்று மனை வாங்க வைத்தேன். இன்றைக்கு அதன் விலை நாலு பங்கு. வீட்டில் நகை வைத்தால் திருட்டுப் பயம் என்று பேங்க் லாக்கரில் வைக்கச் சொன்னேன். உங்கம்மா அபிதகுசாம்பாள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கல்யாணத்துக்குப் போனா கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும் தொங்குது. எங்கள பணக்காரங்களா ஆக்குறேன்னு சொல்லி என்னைப் பிச்சைக்காரி ஆக்கிட்டியே, சம்பந்தம்."

"சாவி உங்க கையிலதானே இருக்குது, அண்ணி."

"சாவியக் கழுத்துல மாட்டிகினு போவட்டா?"

பாவுக்காசையும் நான்தான் நிறுத்தினேன். ஏழெட்டு வீட்டில் அவருக்குத் தறி ஓடியது. வருஷத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல் டப்பாவில் விழுந்துகொண்டிருந்தது. ரசீது உண்டா, இல்லை. வட்டி உண்டா, இல்லை. பணம் யாருக்குப் போகிறது, தெரியாது. இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டேன். அடுத்த பாவுக்கே நிறுத்திவிட்டார். தெருவும் கை பிடிக்க வருவதை நிறுத்தியது. கூலிக்கு ஆள் வைத்துப் பாவு விரித்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன், அதில் வருஷத்துக்குப் பதினெட்டு ரூபாய் மிச்சம்.

கைமாற்று கேட்டு வந்தவர்களிடம் பொய் சொல்ல வேண்டாம், "பணமெல்லாம் பத்திரத்துல கெடக்குது" என்று உண்மையையே சொல்லுங்கள் என்றேன். எதிர்வீட்டுத் துரைக்கண்ணு மகள் பிரசவத்துக்கு ஐந்நூறு கேட்டு வந்தபோது அப்படித்தான் சொன்னார். பொய் சொல்லாமல் இல்லை என்று சொல்வதில் இருக்கிற சுகம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஒரே ஒரு விஷயம். மற்றவர்களுக்கு நான் சேமிப்புப் பத்திரத்தைப் பிரித்துப் பிரித்து வாங்கிக் கொடுப்பேன், வருஷத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி. வீட்டில் எப்போதும் கொஞ்சம் பணம் புரளும். உங்கப்பாவுக்கு மட்டும், மூன்று வருஷம் சேர்த்ததையெல்லாம் எண்பத்திரண்டு தையில் ஒரே நாளில், ஒரே தேதி போட்டு ஆறு வருஷப் பத்திரமாக வாங்க வைத்தேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம் என்றார்.

எண்பத்து நாலு ஆவணியில் அவர் தனியாக என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மார்பில் வலி இருப்பதாகவும், வேலூரில் காட்டியதாகவும், வலி திரும்ப வந்தால் உடனே மெட்ராஸுக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும், கையில் பத்தாயிரம் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கே சொன்னதாகவும் சொன்னார். உங்கம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். நம்பிக்கை.

"அரிசிப் பானையில பன்னெண்டாயிரம் கெடக்குது, சம்பந்தம். அத அப்பிடியே உட்டுடட்டுமா?"

நான் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல இருந்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை, பன்னிரண்டு வருஷமாக யோசித்தாகிவிட்டது.

"வீட்டுல கெடந்தா செலவாயிடும், மொதலாளி. இதையும் பத்திரத்துல போட்டுடுங்க. தேவப்பட்டா பேங்குல அடமானம் வெச்சு ஜல்தியா எடுத்துக்கலாம், ரெண்டு மணி நேர வேல."

அதுவும் உண்மைதான். பேங்க் திறந்திருக்கும் நாளில் இரண்டு மணி நேர வேலை. வலி எந்த நாளில் வரும் என்று எனக்குத் தெரியாது. வருஷத்தில் எத்தனை மணி நேரம் பேங்க் பூட்டிக் கிடக்கிறது என்பதை மட்டும் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். முக்கால்வாசிக்கு மேல் என் பக்கம்.

எண்பத்தைந்து பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. பேங்க் மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டது. மூன்று மணிக்கு உங்கப்பாவுக்கு வலி வந்தது. ஞாயிறு, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். இனி வியாழக்கிழமைதான் திறக்கும். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, "எட்டாயிரமாவது கையில எடுத்துக்குங்க, இன்னைக்கே கௌம்புங்க" என்றார். அடகுக்கடை சேட்டு பண்டிகையிலும் கடை திறந்திருந்தார், ஆனால் நகை பேங்க் லாக்கரில். உங்கம்மா வீடு வீடாகப் போனார்கள். துரைக்கண்ணு வாசலிலேயே நின்று, "பணமெல்லாம் பத்திரத்துல கெடக்குதும்மா" என்றான். அவனிடம் ஒரு பத்திரமும் கிடையாது, எனக்குத் தெரியாதா. தெரு முழுக்க அதையே சொன்னார்கள். கோயில் கொடைக்குக்கூட அவ்வளவு ஒற்றுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பீரோவில் நாற்பது சேலை இருந்தது. காஞ்சிபுரத்து வியாபாரி ஒருவர் பாதி விலைக்கு அங்கேயே எடுத்துக்கொள்கிறேன் என்றார். படுத்தபடியே உங்கப்பா கையை ஆட்டினார். "நட்டத்துக்கு அவசரப்பட்டு விக்கக் கூடாது. சம்பந்தம் சொல்லிகினே இருப்பான். வியாழக்கெழம பாத்துக்கலாம்." நான் இத்தனை பேருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன், அவரைப்போல மனத்தில் வாங்கிக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்டார். "உங்கிட்ட வசூல் பணம் இருக்குமே?" இருந்தது. ஒன்பதாயிரத்து நானூறு, அப்போது என் கக்கத்துப் பையிலேயே இருந்தது. "மத்தவங்க பணத்துல கை வெக்கக் கூடாதுங்களே, மொதலாளி" என்றேன். "அதானே" என்று தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை எல்லாரும் பொங்கல் வைக்க வாசலுக்குப் போயிருந்தார்கள். விசிறிக்கொண்டிருந்த நான் அவர் காதருகே குனிந்து சொன்னேன். "மொதலாளி, தண்ணிய எறச்சுட்டு நெய்யின்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்குதா?"

அவர் என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் யோசித்தார், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"எந்தத் தண்ணி, சம்பந்தம்?" என்றார்.

அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மறுநாள் காலையில் தெருவில் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கும்போது அடங்கிவிட்டார். தந்தி கிடைத்து நீ வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை. என் தோளில் சாய்ந்து அழுதாய்.

இவ்வளவுதான். உங்கப்பாவை நான்தான் கொன்றேன், தம்பி. பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டு, அவருக்கு ஒரு பைசா நஷ்டம் வராமல் கொன்றேன். போலீசுக்குப் போவதென்றால் போ. இன்ஸ்பெக்டருக்கும் நான்தான் பாஸ்புக் போட்டுக் கொடுத்தேன், நல்ல மாதிரி, உட்கார வைத்துப் பேசுவார். ஆனால் எந்தப் பத்திரத்தைச் சாட்சிக்குக் காட்டுவாய்? எல்லாம் வட்டியோடு சரியாக இருக்கும்.

என்ன கேட்டாய்? இன்னொரு தடவை சொல்லு, இந்தக் காது கொஞ்சம் மந்தம்.

ஓ. அன்றைக்கு, அந்த மழையில், என்னிடம் பதினெட்டு ரூபாயைத் தவிர வேறு ஒன்றுமே இல்லையா என்கிறாய். நல்ல கேள்வி. கணக்குப் பார்க்கிற மூளை உனக்கு இருக்கிறது. உங்கப்பா கடைசி வரைக்கும் இதைக் கேட்கவில்லை.

தபால் ஆபீசில் இருந்தது. என் பேரில் ஐந்து வருஷக் கணக்கு, முந்நூற்றுச் சொச்சம். ஆபீஸும் அன்றைக்குத் திறந்துதான் இருந்தது; உங்கப்பா வீட்டுக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போனேன். ஆனால் முதிர்வுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது, தம்பி. முன்னால் உடைத்தால் வட்டியில் முப்பத்தாறு ரூபாய் போய்விடும். விவரம் தெரிந்த எவனும் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டான். பன்னிரண்டாம் நாள் போய் முழுசாக வாங்கினேன், தெய்வநாயகியின் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சரியாக இருந்தது. அந்த முப்பத்தாறு ரூபாய்ப் பழியையும் நான் உங்கப்பா பேரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.