அலை உடையாத இடம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவேன், சார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. வரிச்சிக்குடியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் இன்னமும் நான் டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. நீங்கள்தான் முதன்முதலாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நவநீதன், உன் தொழில் என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றீர்கள். டீயும் வரவழைத்தீர்கள். எனவே பொறுமையாகச் சொல்கிறேன்.

சின்ன வியாபாரங்களின் இணையதளத்தைக் கூகுளில் மேலே ஏற்றிவிடுவது என் தொழில். ஒருவர் எதையாவது தேடினால் வரிசையாகப் பக்கங்கள் வரும். முதலில் வருகிற இரண்டு மூன்றைத்தான் ஆட்கள் தொடுவார்கள். கீழே கிடப்பவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்ட வேண்டியதுதான். மேலே வர இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஜனங்கள் தேடுகிற விஷயத்தைப் பற்றி நன்றாக எழுதிப் போட வேண்டும். பிறகு, மற்ற தளங்கள் நம் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்படி செய்ய வேண்டும். பேக்லிங்க் என்போம். நாலு பேர் ஒரு கடையைக் கைகாட்டினால் ஐந்தாவது ஆளும் அங்கேதானே போவார். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டில் நான் ஒருவன்தான். அப்பா அம்மா போய்விட்டார்கள். அண்ணன் சென்னையில் உத்தியோகத்தில் இருக்கிறான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. கல்யாணப் பேச்சு வந்ததெல்லாம் பையன் என்ன வேலை என்கிற கேள்வியிலேயே நின்றுவிட்டது. என் திரையின் மூலையில், இந்த நிமிஷம் தளத்தை எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு எண் தெரியும். சாப்பிடும்போது அதை எதிரே வைத்துக்கொள்வேன். யாராவது நான் எழுதியதை நிதானமாகப் படித்தால் நானும் மெதுவாகச் சாப்பிடுவேன். அவர் போனதும் எழுந்து கை கழுவிவிடுவேன். நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது, சார். வேறு எப்படி இருப்பதென்றும் தெரியவில்லை.

ழில்பேர் முசேயின் லாட்ஜுக்குத் தளம் நடத்துகிற வேலை அந்தச் சமயத்தில்தான் என் கைக்கு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர் அவர். பழைய ஆட்கள் ஐயா என்பதைப் பிரெஞ்சில் முசே என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். கடற்கரைப் பக்கம் சின்னதாக ஒரு லாட்ஜ் கட்டியிருந்தார். சுத்தமான அறைகள், ஆனால் தங்க ஆள் இல்லை. திருநள்ளாறு வருகிறவர்கள் லாட்ஜ் தேடினால் பெரிய கம்பெனிகள்தான் வரிசைகட்டி நிற்கும். தலைகீழாக நின்றாலும் அவர்களை நகர்த்த முடியாது. யாரும் கை வைக்காத சொல் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அலையில்லாத கடற்கரை என்று நிறையப் பேர் தேடுவதைக் கவனித்தேன். பிள்ளைகளோடு வருகிறவர்கள், வயதானவர்களைக் கூட்டிவருகிறவர்கள், இந்த மாதிரி.

கிளிஞ்சல்மேட்டு மீனவக் குப்பத்துக்கும் அதை அடுத்த சவுக்குத் தோப்புக்கும் நடுவில் கரை ஒரு வளைவு வளைகிறது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் மட்டும் தண்ணீர் சத்தமில்லாமல் கிடக்கும். அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. நிலாத்துறை என்று நான்தான் வைத்தேன். நானே வைத்த பெயர் என்றால் அதைத் தேடுகிறவர் என்னிடம்தானே வந்தாக வேண்டும். படம் எடுத்துப் போட்டு, முழங்காலளவுத் தண்ணீர், குழந்தைகளும் முதியவர்களும் அச்சமின்றி இறங்கலாம் என்று எழுதினேன். நான் இறங்கிப் பார்க்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

அப்புறம் இணைப்புகள். பைக்கில் ஊர் சுற்றி எழுதுகிற திருச்சிக்காரர் ஒருவருக்கு லாட்ஜில் சும்மா அறை கொடுக்க வைத்தேன், அவர் எழுதினார். பாரிஸில் இருக்கிற முசேயின் நண்பர் வின்சான், அங்கிருக்கிற காரைக்கால்காரர்கள் சங்கத்துத் தளத்தில் சேர்த்தார். கல்லூரிச் சுற்றுலா பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் விடாமல் மெயில் போட்டேன். ஒவ்வொரு இணைப்பும் வரும்போது யாரோ என்னை இன்னொருவருக்கு அறிமுகம் செய்துவைத்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் மேப்பில் அந்தப் பெயர் ஏறியது. ஆட்டோக்காரர்கள்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு தடவை பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள் நிலாத்துறைக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். வரிச்சிக்குடியில் இறங்காமல் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன். நான் வைத்த பெயரை ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

கல்லூரி மாணவர் ஒருவர் அங்கே இறந்தது சித்திரையில். அலை உடையாத இடம்தான் ஆழம், கடலுக்குள் திரும்புகிற தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும் என்று பத்திரிகைகளில் விளக்கமாகப் போட்டிருந்தார்கள். செய்தியிலும் நிலாத்துறை என்றே எழுதினார்கள். அது எந்த இடம் என்று காட்டுவதற்காகச் செய்தித் தளங்கள் என் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தன. காலில் விழுந்து கெஞ்சினாலும் கிடைக்காத இணைப்புகள், சார் அவை. அன்றைக்குத் திரை மூலையில் தெரிந்த எண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை. வீட்டில் விசேஷம் நடக்கிற மாதிரி இருந்தது. அந்த மாணவருக்காக வருத்தப்பட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முசே உடனே கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“அத எடுத்துடுங்க தம்பி. லாட்ஜு பூட்டிக் கெடந்தாலும் பரவால்ல.”

எடுத்துவிட்டதாக அவருடைய போனிலேயே காட்டினேன். தளத்தின் முகப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிற வழியை மட்டும் எடுத்திருந்தேன். பக்கம் அப்படியே இருந்தது, கூகுளில் தேடி வருகிறவர்களுக்குத் திறக்கும். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, அவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலிடத்தில் நிற்கிற பக்கத்தைத் தொடமாட்டோம். ஒரு வரியை மாற்றினால்கூடக் கீழே போய்விடலாம், போனால் மறுபடி ஏற்றுவது கஷ்டம். அச்சமின்றி என்ற சொல்லை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். படிக்கிற ஆளைப் பாதியில் தொந்தரவு செய்வானேன் என்று மூடிவைத்தேன். பிறகு திறக்கவில்லை.

விஷ்ணுப்ரியா எழுதியது அதற்குப் பிறகுதான். தளத்தில் விசாரணைக்கு என்று ஒரு பெட்டி உண்டு, பெரும்பாலும் வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள். அவள் பெரம்பலூரில் பள்ளிக்கூட டீச்சர். அம்மா கமலாம்பாளைத் திருநள்ளாறுக்குக் கூட்டிவர இருந்தாள். அந்த அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. டிவியில் சுனாமியைக் காட்டியதிலிருந்து அலை என்றாலே பயம். ஆனால் ஒரு தடவையாவது கடலில் காலை நனைத்துவிட வேண்டும் என்று ஆசை. அலையில்லாத இடம் தேடித்தான் என் பக்கத்துக்கு வந்திருந்தாள்.

நான் பதில் எழுதினேன், அவள் மறுபடி எழுதினாள். வெயில் எப்படி, அம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் நடக்க முடியுமா, சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும். தினமும் ஏதாவது ஒன்று இருக்கும். நீங்க ரொம்பப் பொறுமையா பதில் சொல்றீங்க அண்ணா என்று ஒரு தடவை எழுதினாள். சாப்பிட்டீங்களா என்றும் கேட்டிருக்கிறாள். சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கேட்டிருப்பாள். ஆனாலும் என்னை அப்படிக் கேட்க ஆள் கிடையாது, சார். அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் அவள் எழுதியதை நீங்கள் படித்துவிட்டீர்கள்.

“அண்ணா, காரைக்கால்ல ஒருத்தர் முழுகிட்டதா நியூஸ்ல சொன்னாங்களே, பேரு சரியா கேக்கல, அது இந்த எடமா? நீங்க சொன்னாதான் அம்மாவ எறக்குவேன்.”

“அது வேற பக்கம்மா. இங்க பயமில்ல, தைரியமா வாங்க.”

நான்தான் எழுதினேன். இங்கே ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது என்கிற மாதிரி முதலில் சொல்லிவிட்டேன். அப்படி இல்லை. படம் எடுக்கப் போன அன்றைக்கே, வலை பிரித்துக்கொண்டிருந்த சிவக்குமார் அண்ணன் எழுந்து வந்து சொன்னார்.

“அல ஒடையலன்னா அங்க பள்ளம்னு அர்த்தம். நாங்களே எறங்க மாட்டோம். படம் புடிச்சிட்டுப் போயிடுங்க தம்பி.”

சரிண்ணே என்று சொல்லிவிட்டு வந்து அச்சமின்றி இறங்கலாம் என்று எழுதினேன். லாட்ஜ் அறையில் எலி இல்லை என்று எழுதுவதைப் போலத்தான் அது அப்போது தோன்றியது. விஷ்ணுப்ரியா கேட்டபோது எல்லாம் தெரிந்துதான் பதில் எழுதினேன். டவுன் கடற்கரையில் மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் நான் அதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு எனக்கு எழுதுவாளா.

அவர்கள் வந்த அன்று நான் சவுக்குத் தோப்பில்தான் இருந்தேன். வருவதாக அவளிடம் சொல்லவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தேன். தைரியம் வந்தால் கிட்டே போய், நான்தான் நவநீதன் என்று சொல்லலாம் என்று எண்ணம். படத்தில் பார்க்காமலே அவளைத் தெரிந்துவிட்டது. அம்மாவின் செருப்பைக் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவரைப் பிடித்துக் கூட்டிப்போனாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் அந்த அம்மா சிரித்தார். இன்னும் கொஞ்சம் போனார்கள். நான் எழுதியபடியே முழங்கால் வரைக்கும்தான் இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அந்த அம்மாவுக்குக் கீழே தரை இல்லாமல் போனது. மகள் பிடிக்கப் போனாள். இரண்டு பேரும் உள்ளே நகர்ந்தார்கள். முழுகுகிறவர்கள் கத்துவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவைத் தண்ணீர் பக்கவாட்டில் கொண்டுபோய் அலை உடைகிற பக்கம் மணலில் தள்ளியது. அவர் எழுந்து உட்கார்ந்து கூப்பாடு போட்ட பிறகுதான் குப்பத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். விஷ்ணுப்ரியாவை வெளியே எடுத்தபோது ஒன்றும் செய்வதற்கில்லை.

சிவக்குமார் அண்ணன் உங்களிடம் சொன்னது சரிதான். அவர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஃபைபர் படகு பக்கத்தில் கிடந்தது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நேரம் இருந்தது. அவள் தலை தண்ணீருக்கு மேலே நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது.

ஏன் கூப்பிடவில்லை என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். பயந்துவிட்டேன் என்று சொன்னேன், அது சும்மா. கூப்பிட்டால் அவர் வந்து அவளைக் கரையேற்றுவார். என்னைப் பார்ப்பார். அன்றைக்கே சொன்னேனே தம்பி, நீங்கதானே படம் புடிச்சிட்டுப் போனீங்க என்று அவள் முன்னால் கேட்பார். அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள். முதல் தடவையாக என்னை நேரில் பார்க்கிற பார்வை அப்படியா இருக்க வேண்டும். அதனால் மரத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன், தலை தெரியாமல் போகிற வரைக்கும்.

நீங்கள் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். கடைசி வரைக்கும் அவள் என்னைப் பற்றித் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை.